வாசித்துக் கற்கும் கணினியும் தமிழின் திணைப் பாகுபாடும்

மனிதர் உள்ளிடும் தகவல்களைச் சேமித்து வைப்பதோடு நில்லாமல், இணையத்திலுள்ள எழுத்துகளைத் தானே வாசித்து அறிவைப் பெருக்கிக்கொள்ளும் கணினியை உருவாக்குதல் செயற்கை நுண்ணறிவுத் துறையின் நெடுநாளைய குறிக்கோளாகும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், டாம் மிட்செல் தலைமையிலான குழுவினர் 2010 சனவரியில் இயக்கத் தொடங்கிய 'நெல்' என்னும் திட்டம் இம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. 'முடிவுறா மொழி கற்றல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமே அப்பெயர்.

நகரம், நிறுவனம், விளையாட்டு முதலிய வகைகளும், வகைக்கு 10 முதல் 15 வரையிலான சான்றுகளும் கணினிக்கு முதலில் தரப்பட்டன. அச்சான்றுகள் பயின்றுவரும் தொடரமைப்புகளைக் கணினி கண்டறியும். அவ்வமைப்புகளைக் கொண்டு புதிய சான்றுகளைத் திரட்டும். அவற்றிலிருந்து மேலும் புதிய அமைப்புகளைக் கற்கும். முதல் 67 நாள்களில் ஏறத்தாழ 2,42,000 செய்திகள் சேர்ந்தன. அவற்றுள் 74 விழுக்காடு சரியானவை என மதிப்பிடப்பட்டது.

எஞ்சிய பிழைகள் தனித்து நிற்பவை அல்ல. 'குக்கி' என்னும் ஆங்கிலச் சொல் இனிப்புப் பண்டத்தையும், இணைய உலாவி சேமித்து வைக்கும் சிறு கோப்பையும் குறிக்கும். இரண்டாவதையும் பண்டமென்றே கொண்ட கணினி, 'குக்கிகளை அழித்தேன்' என்பதைப் போலவே 'கோப்புகளை அழித்தேன்' என்னும் தொடரும் வருதல் கண்டு, கோப்புகளையும் அடுமனைப் பண்டங்களாக வகைப்படுத்தியது. ஒரு பிழை அடுத்த பிழைக்குச் சான்றாயிற்று. ஆய்வாளர் தலையிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

இத்தகைய பெருக்கத்தைத் தடுக்கவே, நகரப் பெயராகக் கொள்ளப்பட்ட ஒன்றை மனிதப் பெயராகக் கொள்ளலாகாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. தமிழுக்கு இக்கட்டுப்பாடு அப்படியே பொருந்தாது. சிதம்பரம், பழனி என்பன ஊர்ப்பெயர்கள், ஆட்பெயர்களும் ஆகும். எனினும், ஐயத்தை விளைவிக்கும் மொழியே அதனைத் தீர்க்கும் வழியையும் தருகிறது. 'சிதம்பரத்தில்' என்பது ஊரையும், 'சிதம்பரத்திடம்' என்பது ஆளையும் சுட்டுதல் இக்கால வழக்கு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தன் தொடக்கத்திலேயே வகுக்கும் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு இங்கு உருபின் வடிவில் வெளிப்படுகிறது. வேற்றுமை ஏற்காத இடங்களில் இத்துணை கிட்டுவதில்லை. 'சிதம்பரம் வந்தார்' என்னும் தொடர், சிதம்பரம் என்பவர் வந்தார் என்றும், ஒருவர் சிதம்பரத்திற்கு வந்தார் என்றும் பொருள்படும். அத்தகைய இடங்களில் முன்பின் தொடர்களை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

உருபுகளைப் பிரித்தறியாமல் சொற்களை மட்டும் எண்ணும் கணினி, தமிழ் தரும் இச்சான்றினை இழந்துவிடும். 'சிதம்பரத்தில்' என்பதனைச் சிதம்பரம், அத்துச் சாரியை, இல் உருபு எனப் பகுக்கும் இலக்கண அறிவு, தமிழை வாசிக்கக் கற்கும் கணினிக்கு அடிப்படைத் தேவையாகும். ஆங்கிலத்திற்கு அமைந்த கட்டுப்பாடுகளைப் பெயர்த்துக்கொள்வதனால் மட்டும் இத்தேவை நிறைவேறாது. இது கணினியியலாரும் தமிழ் இலக்கண அறிஞரும் ஒருங்கே ஆற்ற வேண்டிய பணியாகும்.