கூடுமிடம் – 7: மட்டாஞ்சேரியின் மாடி அறைகள்

எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் புதன்கிழமை பாட்டு நடக்கும். 2014-ல் தொடங்கிய ஏற்பாடு இது. வார்டிலிருந்து நடந்து வர முடிந்தவர்கள் நாற்காலியில் வந்து உட்கார்வார்கள். துணைக்கு வந்த சொந்தக்காரர்கள் சுவரோரம் நிற்பார்கள். மேடை, திரை என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. பழைய மலையாளப் பாட்டு, பழைய இந்திப் பாட்டு, நடுவில் யாராவது கேட்டால் ஒரு தமிழ்ப் பாட்டு. இதைத் தொடங்கியவர்கள் மூன்று தரப்பினர்: கொச்சி பினாலே அறக்கட்டளை, மெஹபூப் மெமோரியல் ஆர்க்கெஸ்ட்ரா, லேக்‌ஷோர் மருத்துவமனை. முதல் பெயர் உலகத்துக்குத் தெரியும். மூன்றாவதை ஊர் அறியும். நடுவில் இருக்கும் பெயர்தான் இந்த வாரம் நமக்கு வேண்டியது.

எச். மெஹபூப் 1926-ல் பிறந்தவர். ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் உள்ள பட்டாளம் பகுதிக்காரர். டக்கினி உருது பேசும் முஸ்லிம் குடும்பம். சின்ன வயதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாமில் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பாடியிருக்கிறார். ‘ஜீவித நௌகா’ (1951), ‘நீலக்குயில்’ (1954), ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) என்று சினிமாவும் அவரைக் கூப்பிட்டது. போனார், பாடினார், திரும்பி வந்துவிட்டார். கோடம்பாக்கத்தில் வீடு பிடித்து உட்கார்ந்து வாய்ப்புக்குக் காத்திருக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. கொச்சியில் யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி அங்கே இருப்பார். உள்ளூர்க்காரர்களான மேப்பள்ளி பாலனும் நெல்சன் ஃபெர்னாண்டஸும் எழுதிக் கொடுத்ததை மெட்டுப் போட்டுப் பாடுவார். பணம் தந்தால் வாங்கிக்கொள்வார். அது மறுநாள் வரை தங்காது. 1981-ல் இறந்தபோது தனக்கென்று குடும்பமோ சொத்தோ இல்லை. ஊரில் அவரை ‘மெஹபூப் பாய்’ என்பார்கள். அவருக்குப் பின் அவர் பெயரிலேயே ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுதான் மருத்துவமனையில் பாடுகிறது.

சபா வைத்து வளர்ந்த கலை நம்முடையது. செயலாளர், பொருளாளர், டிசம்பர் கச்சேரி, கேன்டீன் எல்லாம் நமக்குப் பழக்கம். மட்டாஞ்சேரியில் மெஹ்ஃபில் என்று சொல்கிற பாட்டுக் கூடுகையில் இவை ஒன்றும் இல்லை. உள்ளூர் நண்பர் ஒருவர் என்னை ஒரு மாடி அறைக்கு அழைத்துப் போனார். கீழே மசாலாக் கடை. சுக்கும் மிளகாயும் மூட்டை மூட்டையாக. மரப்படி, கைப்பிடிக்குப் பதில் மேலிருந்து ஒரு வடக்கயிறு. ஏறும்போதே தும்மல் வந்துவிடுகிறது. மேலே கோரைப்பாய், ஓர் ஆர்மோனியம், தபலா, சுவரில் இந்திப் பாடகர் ரஃபியின் படம். வந்திருந்தவர்களில் ஒருவர் மூட்டை தூக்குகிறவர், இன்னொருவர் தையற்கடைக்காரர், ஒருவர் வளைகுடாவில் இருபது வருஷம் ஓட்டுநராக இருந்துவிட்டுத் திரும்பியவர். சென்னையில் நுண்கலை படித்த பையன் ஒருவனும் மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். அவனை யாரும் என்ன வரைகிறாய் என்று கேட்கவில்லை.

யார் அடுத்துப் பாடுவது என்பதை ஆர்மோனியக்காரர் கண்ணாலேயே தீர்மானித்தார். பாட்டு எழுதி வைத்திருந்த நோட்டு, கடைகளில் கணக்கு எழுதுகிற நீளப் பேரேடு. உள்ளே சைகலும் பங்கஜ் மல்லிக்கும் தலத் மஹ்மூதும் பாடிய பாட்டுகள். மொழி இந்தி, எழுத்து மலையாளம். மூட்டை தூக்குகிறவர் ரஃபி பாட்டு ஒன்றை எடுத்தார். சரணத்தில் ஓரிடத்தில் குரல் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. தபலா இன்னொரு சுற்று சுற்றி வந்தது. அவர் மறுபடி முயன்றார், ஏறியது. ‘வாஹ்’ என்றார்கள் நாலைந்து பேர், அடிக்குரலில். நான் மட்டும் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் அரைத் தமிழில் சொன்னார்: “சாரே, கை கொட்டண்டா. நல்லா இருந்தா தலையை ஆட்டுங்க. இல்லைன்னா சாயா குடிங்க.”

“இக்கா, நல்லா இருந்ததாலதானே தட்டினேன்?”

“தட்டினா பாட்டு முடிஞ்சு போகும்ல?”

சுலைமானி வந்தது. எலுமிச்சை பிழிந்த கறுப்புத் தேநீர். காசு யார் கொடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. அறைக்கு வாடகை உண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். கீழே உள்ள கடைக்காரரும் பாடுகிறவர்தானாம்.

இந்தி, உருதுப் பாட்டு இந்தக் கடலோர ஊருக்குள் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது? மட்டாஞ்சேரியில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்தாலே பதில் கிடைக்கும். செர்லாயில் கொங்கணி பேசுகிறவர்கள், திருமலை தேவஸ்வம் கோயில். குஜராத்தி ரோட்டில் ஜைனக் கோயில். கச்சி மேமன்கள், டக்கினி முஸ்லிம்கள், மராத்தியர், தெலுங்கர். 1568-ல் கட்டிய பரதேசி யூதர் கோயில். கொஞ்சம் தள்ளி, ‘வெளி’ என்ற பகுதியில் நம் வண்ணார் சமூகத்தவர். சிப்பாய்களின் துணி துவைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1976-ல் அரசு கட்டிக் கொடுத்த தோபிகானாவில் இன்றும் கல்லில் அடித்துத் துவைத்து, கரிப்பெட்டியில் இஸ்திரி போடுகிறார்கள். இத்தனை வீட்டு மொழிகளுக்கு நடுவே எல்லாருக்கும் பொதுவாக இருந்தது வியாபாரத்துக்கு உதவிய உடைந்த இந்துஸ்தானியும், ரேடியோவில் வந்த பாட்டும்தான். பங்கஜ் மல்லிக்கைப் பாடும்போது கொங்கணிக்காரரும் மேமனும் ஒரே பாயில் உட்கார முடிந்தது.

இதை மத நல்லிணக்கக் கதையாக மட்டும் சுற்றுலாத் துறை சொல்வது எனக்கு அலுத்துவிட்டது. இதன் அடியில் கூலியின் கதை ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் அந்த நாளில் ‘சாப்பா’ முறை. காலையில் கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். முட்டி மோதிப் பொறுக்கினவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டுக்குப் போகலாம். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ல் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கே.எம். சிதம்பரன் இதை ‘துறமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி எடுத்த படம் 2023-ல் வந்தது. பகலில் வில்லைக்காக ஒருவனையொருவன் தள்ளிவிட்டவர்கள், ராத்திரி ஒரே ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே முறை வரும் வரை காத்திருந்தால் எல்லாருக்கும் ஒரு பாட்டு கிடைத்தது. மெஹ்ஃபிலில் ஏன் போட்டி இல்லை, பரிசு இல்லை, தரவரிசை இல்லை என்பதற்கு நான் கண்ட விளக்கம் இதுதான்.

இந்த மண்ணிலிருந்து போனவர்களில் இரண்டு பேரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் எம்.கே. அர்ஜுனன். 1936-ல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். வீட்டு வறுமையால் அண்ணனோடு பழனிக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஜீவகாருண்யானந்த ஆசிரமத்தில் வளர்ந்தார். ஆர்மோனியமும் பாட்டும் கற்றது பழனியில். ஊர் திரும்பி நாடகக் குழுக்களுக்கு வாசித்து, 1968-ல் ‘கறுத்த பௌர்ணமி’ படத்துக்கு இசையமைத்தார். அவருக்கு உதவியாக இருந்தவர் ஆர்.கே. சேகர். சேகர் இறந்த பிறகு, 1981-ல் அவர் மகனைக் கூப்பிட்டு ‘அடிமச்சங்ஙல’ படத்துக்குக் கீபோர்டு வாசிக்க வைத்தார் அர்ஜுனன் மாஸ்டர். அந்தப் பையன்தான் ஏ.ஆர். ரஹ்மான்.

இன்னொருவர் உம்பாயி. இப்ராஹிம் என்பது இயற்பெயர். மட்டாஞ்சேரிக்காரர். தபலா ஆசையில் பம்பாய்க்குப் போய், அங்கே ஓர் உஸ்தாதிடம் பயின்று, பாடகராகத் திரும்பினார். ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்த ஜான் ஆபிரகாமை நமக்குத் தெரியும். அதே ஜான் ‘ஒடெஸா’ என்ற திரைப்படக் குழு நண்பர்களோடு ஊர் ஊராக மக்களிடம் பணம் வசூலித்து எடுத்த ‘அம்ம அறியான்’ (1986) படத்தில் உம்பாயி தோன்றிப் பாடினார். உம்பாயி என்ற பெயரே ஜான் வைத்தது என்பார்கள். பிறகு ஓ.என்.வி. குறுப்பு, சச்சிதானந்தன் கவிதைகளைப் பாடி மலையாளத்தில் கஜலுக்கு ஓர் இடம் பிடித்தார். 2018 ஆகஸ்ட் 1-ல் மறைந்தார். அர்ஜுனனும் சரி, உம்பாயியும் சரி, எந்தக் கல்லூரியிலும் இசை படித்தவர்கள் இல்லை.

இனி ஓவியர்களிடம் வருவோம். வில்லிங்டன் தீவில் புதுத் துறைமுகம் எழுந்தபோதே மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் வேலை மெல்லத் தேய ஆரம்பித்தது. சரக்கு கண்டெய்னருக்குள் போன பிறகு, அதுவும் 2011-ல் வல்லார்பாடம் முனையம் திறந்த பிறகு, மிளகும் இஞ்சியும் நிறைந்திருந்த கிடங்குகளில் பாதி பூட்டிக் கிடந்தன. உயரமான கூரை, தடித்த சுவர், ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் உப்பங்கழி. ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னோடியாக, 1997-லேயே ஃபோர்ட் கொச்சியின் பர்கர் தெருவில் அனூப் ஸ்கரியாவும் டோரி யங்கரும் காஷி ஆர்ட் கஃபேயைத் திறந்திருந்தார்கள். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், சுவரில் இளம் ஓவியர்களின் படங்கள்.

12.12.12 அன்று போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். தொடக்க நாளில் ஈழத் தமிழ் வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ. மேடையேறினார். ஆஸ்பின்வால் என்ற பழைய ஏற்றுமதி நிறுவனத்தின் வளாகத்தில், ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் பெங்களூர்த் தெருக்களில் வீசப்பட்ட ஆட்டுக்கல், அம்மிகளை நூற்றுக்கு மேல் கொண்டுவந்து பரப்பினார்கள். மிக்ஸி வந்து வெளியே தள்ளிய கற்கள், மசாலா ஊரின் காலிக் கிடங்கில். இன்னொரு விளக்கம் தேவைப்படாத வேலை அது. 2016-ல் மட்டாஞ்சேரியின் கப்பலண்டிமுக்கில் ‘உரு’ என்ற கலைக்கூடமும் வந்தது.

2018-ல் நான்காவது பினாலேயின் க்யூரேட்டர் அனிதா துபே, ஃபோர்ட் கொச்சியின் கப்ரால் யார்டில் ஒரு கூடம் எழுப்பி, யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம், பாடலாம் என்றார். எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் புதுமை என்று எழுதினார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

பினாலேயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது வந்த பிறகு உள்ளூர்த் தச்சர், வெல்டர், சுமைக்காரர் எல்லாருக்கும் வேலை வந்தது. மாணவர் பினாலே மூலம் எங்கோ ஒரு மூலைக் கல்லூரிப் பிள்ளைகளின் படைப்பும் சுவருக்கு வந்தது. ஆனால் பினாலேக்கு நாள் குறிக்க வேண்டும், பணம் வேண்டும், முக்கியமாகக் கட்டடம் வேண்டும். 2022-ல் டிசம்பர் 12-ல் திறக்க வேண்டியது 23-க்குத் தள்ளிப்போனது. கட்டடம் கைக்கு வருவதில் இழுபறி, மழை, பணத் தட்டுப்பாடு என்று காரணங்கள் வந்தன. கலைஞர்கள் வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்கள்.

அவ்வளவு பெரிய அமைப்பே இடத்தில்தான் இடறியது என்றால், சின்னக் கூடுகைகளின் கதி என்ன? அதே தெருக்களில் மாடி அறைகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டேயாகவும் பழம்பொருள் கடையாகவும் மாறுகின்றன. ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கூடக் கூட வாடகை ஏறுகிறது. பாடுகிற கடைக்காரரின் பிள்ளைக்கு அந்த மாடியைச் சும்மா விட்டுவைக்க என்ன காரணம் இருக்கிறது? அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேரளத்து நகராட்சிகளும் நம் மாநகராட்சிகளும் பூங்காவுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடம் ஒதுக்குகின்றன. ராத்திரி பத்து மணி வரை பாயும் ஆர்மோனியமும் வைத்துக்கொள்ள வார்டுக்கு ஓர் அறை ஒதுக்குவதால் கஜானா காலியாகிவிடாது. பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் வேண்டாம், சாவி போதும்.

கொச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சி அரங்குகளை மூடிய பிறகு படகுத்துறைக்கு ஓடாதீர்கள். பட்டாளம் பக்கம் ஏதாவது சாயாக் கடையில் உட்கார்ந்து, இன்று எங்கே பாட்டு என்று கேளுங்கள். கூப்பிட்டால் போங்கள். போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

அடுத்த வாரம் சென்னை, ஈஞ்சம்பாக்கம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் இதே இடப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தார்கள்: பத்திக் துணி வரைந்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலமே வாங்கிவிட்டார்கள்.