துவக்கும் தரவையும்

அமெரிக்காவின் வெள்ளைவால் மான், வேட்டை பற்றிய விவாதங்களில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படும் விலங்கு. 1900ஆம் ஆண்டளவில் அந்த நாட்டில் அவை ஐந்து இலட்சத்துக்கு மேல் எஞ்சியிருக்கவில்லை என்று கணித்திருக்கிறார்கள். இன்று அவற்றின் தொகை மூன்று கோடியை அண்டியது. இடைப்பட்ட காலத்தில் வேட்டை நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் பல இலட்சம் மான்கள் சுடப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. நம் இலங்கையில் நிலைமை தலைகீழ். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இருந்தும், சரணாலயங்களுக்கு வெளியே வன்னிக் காட்டில் பகல் வெளிச்சத்தில் ஒரு மரையைக் காண்பது அரிது. பாமன்கடையிலோ வெள்ளவத்தையிலோ வளரும் பிள்ளைக்கு மான் என்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கம்பிவேலிக்கு அப்பால் நிற்பதுதான். இந்த முரணைப் பார்த்துச் சிலர், வேட்டையைச் சட்டபூர்வமாக்கினால் மான் பெருகும் என்கிறார்கள். வேறு சிலர், துவக்கைப் பறித்தாலே போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். இரு சாராரும் துவக்கை மட்டுமே பார்க்கிறார்கள். அதன் முன்னால் விரிந்துகிடக்கும் நிலத்தைப் பார்த்தால் கதை வேறு.

மான் அடர்காட்டு விலங்கு என்பது பரவலான எண்ணம். உண்மையில் பெரும்பாலான மானினங்கள் காட்டின் ஓரத்தில்தான் பெருகுகின்றன. ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டும். மேயத் திறந்த வெளி வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா, இலினோய் மாநிலங்களில் சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு நடுவே ஓடைக்கரைகளை ஒட்டிச் சிறு சிறு காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. அங்குள்ள வெள்ளைவால் மான்கள் கொழுத்துப் பெரிதாக வளர்கின்றன. வடக்கே மிச்சிகனின் பனிக்காடுகளில் அதே இனம் கடுங்குளிரில் ஊசியிலை மரங்களின் அடியில் ஒடுங்கி, கிடைத்த குச்சியைக் கடித்து உயிர் பிழைக்கிறது. தெற்கு டெக்சாஸின் முட்புதர் நிலத்தில் அந்த ஆண்டு பெய்த மழையே ஆண்மானின் கொம்பு எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. இனம் ஒன்று, வாழ்வு மூன்று. ஆகவே ஒரு மாநிலத்தில் எத்தனை மானைச் சுடலாம் என்ற கணக்கு அடுத்த மாநிலத்துக்குப் பொருந்துவதில்லை.

நம் உலர்வலயத்தில் இந்த ஓரநிலத்தின் பெயர் தரவை. ஆவணியில் குளத்து நீர் வற்றி உள்வாங்கும்போது ஈரம் காயாத சேற்றில் இளம்புல் தளிர்க்கும். பாலையும் வீரையும் நிற்கும் காட்டுக்குள் அந்த மாதங்களில் தரையில் பச்சை என்று எதுவும் இராது. எனவே மாலை சாயும் நேரம் புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாகக் காட்டோரத்துக்கு வந்து, முதலில் ஒரு மூத்த பெண்மான் வெளியே கால் வைத்து, காதுகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பிப் பார்த்து, அதன் பிறகே மற்றவை தரவையில் இறங்கும். பழைய சேனைக் காணிகளும் இப்படித்தான். பயிர் எடுத்துவிட்டுப் போட்ட நிலத்தில் முளைக்கும் குருத்துகளைத் தேடி மரை வரும். இந்தியாவில் கடமான் எனப்படும் அதே விலங்குதான் நம் மரை. ஆனால் வேட்டைக்காரர் காத்திருப்பதும் இதே இடத்தில்தான். குளத்தோர மரத்தில் பரண் கட்டுகிறவருக்கு மானைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோடை வறட்சி மானை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். மானைப் பெருக வைக்கும் நிலமே அதைச் சுடுவதற்கும் வசதியான நிலம் என்பதுதான் இந்தப் பிரச்சினையின் முடிச்சு.

வேட்டையின் நெருக்குதல் தொகையை மட்டும் குறைப்பதில்லை, பழக்கத்தையும் மாற்றுகிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் அறிவார்கள்: ஃபார் இன் பக்கம் வாகனத் தரிப்பிடத்துக்கு அருகிலேயே முழுக் கொம்புடைய ஆண்மரை பகலில் நின்று மேயும், மனிதர் பக்கம் திரும்பியும் பாராது. அதே இனம் சரணாலயத்துக்கு வெளியே இரவில் மட்டும் நடமாடி, பகலெல்லாம் நாணற் புதருக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். அமெரிக்காவிலும் வேட்டைப் பருவம் தொடங்கிய ஓரிரு நாளிலேயே ஆண்மான்கள் இரவு நடமாட்டத்துக்கு மாறிவிடுகின்றன; அதனால்தான் பருவத்தின் மொத்த வேட்டையில் பெரும்பங்கு முதல் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே இரவில் மான் தப்பிக்கிறது, ஏனென்றால் இரவில் சுடுவது தடை. இங்கே வேட்டை களவாக நடப்பதால் இரவுதான் அதன் நேரம். தலையில் கட்டிய விளக்கின் ஒளி பட்டதும் மானின் கண் மின்னும், அது திகைத்து நிற்கும், இடியன் துவக்கு வெடிக்கும். இரவுக்குள் ஒளிந்துகொள்ளும் தந்திரம் நம் மானுக்கு உதவுவதில்லை.

அடுத்தது பிறப்புக் கணக்கு. வெள்ளைவால் மான் ஏறக்குறைய 200 நாள் சுமந்து, தீனி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வழக்கமாக இரட்டைக் குட்டி ஈனுகிறது. சோள வயலோரத்தில் பிறந்த பெண்குட்டி தன் முதல் வயது முடியுமுன்பே சினையாவதும் உண்டு. வேட்டையில் போவதை அடுத்த கோடைக்குள் ஈடுசெய்யும் வேகம் அது. மரை எட்டு மாதத்துக்கு மேல் சுமந்து ஒற்றைக் குட்டி போடும். புள்ளிமானும் பெரும்பாலும் ஒன்றுதான். உடம்பு பெரிது, இறைச்சி அதிகம், பெருக்கம் மெதுவானது. இந்த மூன்றும் ஒரு விலங்கில் சேர்ந்தால் துவக்கு புழங்கும் காட்டில் முதலில் மறைவது அதுவே. மரைக்கு நேர்ந்தது இதுதான். சின்னஞ்சிறு சருகுமான் மட்டும் வீட்டுத்தோட்டங்களின் ஓரத்தில்கூட ஒளிந்து தாக்குப்பிடிக்கிறது.

மலைநாட்டு வரலாற்றை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களை ஏவி மரையைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையாக எழுதி 1854இல் நூலாக வெளியிட்டார். மான்தோலும் கொம்பும் அக்காலத்தில் கப்பலேறிய சரக்குகள். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர் வேட்டைப் பிரியரான ஐரோப்பியத் தோட்டத்துரைமார்தான். சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் மரையின் இடத்தைப் பறித்ததில் பேக்கரின் நாய்களைவிடத் துரைமாரின் கோப்பித் தோட்டங்களுக்கே பெரிய பங்குண்டு. நாய் கொன்றது ஒவ்வொன்றாக. கோப்பியும் அதன் பின் தேயிலையும் மலை மலையாகக் காட்டை வழித்தன. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. அவர் நினைத்தது மழையையும் ஆற்றுநீரையும். மரையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இன்று மலைநாட்டில் மரை செழித்திருப்பது அந்தக் கோட்டுக்கு மேலே, புல்வெளியும் காடும் கைகோத்துக் கிடக்கும் ஹோட்டன் சமவெளியில். 1969இல் அது இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. சட்டம் பின்னால் வந்தது. நிலம் முன்பே தப்பியிருந்தது.

நிலமே எல்லாம் என்றால், காடு இன்னும் மிஞ்சியிருக்கும் வன்னியில் மான் ஏன் குறைவு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கர்நாடகத்தின் நாகரஹொளையில் ஒரே வகைக் காட்டின் இரு பகுதிகளை, வேட்டை மிகுந்த ஒன்றையும் குறைந்த ஒன்றையும், ஆய்வாளர்கள் மதுசூதனும் உல்லாஸ் கரந்தும் ஒப்பிட்டார்கள். வேட்டை மிகுந்த பகுதியில் பெரிய விலங்குகள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆகவே வேட்டையின் நெருக்குதல் உண்மை. நிலம் ஒரு காட்டின் கொள்ளளவை வகுக்கிறது; அந்த அளவுக்கு எவ்வளவு கீழே மான் நிற்கிறது என்பதை வேட்டை வகுக்கிறது. ஆனால் எல்லா வேட்டையும் ஒரே நெருக்குதல் அல்ல. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் மானை அழித்தது சந்தைக்காகச் சுட்டவர்கள். அங்கே காட்டுமான் இறைச்சியை விற்கும் வழியை அடைத்த பிறகே மீட்சி தொடங்கியது. நம் கட்டளைச் சட்டம் வந்த அதே 1937இல் அங்கே துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியின் பணத்தை விலங்குகளின் வாழிடத்துக்குத் திருப்பும் சட்டம் வந்தது. பருவம், உரிமம், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு, ஆணா பெண்ணா என்ற கட்டுப்பாடு எல்லாம் அங்கே உண்டு. இங்கே கட்டுத்துவக்குக்கும் கம்பிச் சுருக்குக்கும் பருவமில்லை, பாலில்லை, இனமும் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது.

அப்படியானால் அமெரிக்க முறையையே இங்கும் கொண்டுவந்தால் என்ன? இதற்குப் பதில் ஹவாயில் இருக்கிறது. நம் புள்ளிமானின் இந்திய உறவுகள் சில 1860களின் பிற்பகுதியில் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக அங்கு போயின. மொலோக்காய், லானாய், மௌவி தீவுகளில் அவை இன்று ஆயிரக்கணக்கில் பெருகி, பயிரையும் மேய்ச்சலையும் தின்று தீர்க்கின்றன. அங்கே துவக்கு அவசியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஏனென்றால் அங்கே மானைத் தின்ன வேறு விலங்கில்லை. வெள்ளைவால் மான் வாழும் பல மாநிலங்களிலும் ஓநாய் எப்போதோ ஒழிந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் வேட்டைக்காரர் நிற்கிறார். இலங்கையில் அந்த இடம் காலியாக இல்லை. யாலவில் சிறுத்தையின் முதன்மை உணவு புள்ளிமான். ஹோட்டன் சமவெளியில் மரை. புலியோ ஓநாயோ இல்லாத இந்தத் தீவில் உச்சி வேட்டையாடி சிறுத்தை ஒன்றுதான். மனிதர் எடுக்கலாம் என்று சொல்லும் உபரியை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது. துண்டு துண்டாகிவிட்ட காட்டில் அதற்கு மேல் ஒரு பங்கு கேட்பது சிறுத்தையின் வாயிலிருந்து பிடுங்குவதுதான்.

துவக்கில்லாத இடம் சொர்க்கம் என்று எண்ணுபவர்கள் திருக்கோணமலைக் கோட்டைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் திரியும் புள்ளிமான்களை யாரும் சுடுவதில்லை, சிறுத்தையும் அங்கில்லை. ஆனால் தரவையும் இல்லை. அடியார்கள் நீட்டும் வாழைப்பழத்துக்கும் குப்பைக்கும் பழகி, பொலித்தீன் பையை விழுங்கிச் சாகின்றன. வேட்டையின் நெருக்குதல் இல்லாத மான் என்ன ஆகும் என்பதற்கு ஹோட்டன் சமவெளி ஒரு பதில் என்றால் இது இன்னொன்று. பெரிய வித்தியாசம் காலடியில் இருக்கும் புல். வனசீவராசிகள் திணைக்களம் துவக்குகளைப் பிடிப்பதோடு, வற்றும் குளங்களின் தரவைகளை அடைப்பிலிருந்தும் அந்நியக் களைகளிலிருந்தும் காப்பதையும் அதே அளவு வேலையாகக் கொள்ள வேண்டும்.

கொழும்பு வாசகர்களின் பங்கும் இதில் உண்டு. காட்டில் வெடிக்கும் துவக்குக்கு விலை கொடுக்கும் சந்தையில் நகரத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வன்னியிலிருந்தோ ஹபரணைப் பக்கமிருந்தோ திரும்பி வரும்போது யாராவது மரை இறைச்சி, மான் வற்றல் என்று காதோடு சொன்னால் வாங்காதீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போனால் பூசைப் பொருள் கொண்டுபோன பையைத் திரும்ப உங்களோடேயே எடுத்து வாருங்கள்.