வறட்சி தாங்கும் நெல்: எந்த வறட்சிக்கு எந்த ரகம்?

சில வாரங்களுக்கு முன் மதுரை பழங்காநத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, கள்ளிக்குடி பக்கத்து விவசாயி ஒருவர் அடையாளம் கண்டு பேசினார். "சார், வறட்சி தாங்குற நெல்லுன்னு ரெண்டு வருசமா ஒரே ரகத்தத்தான் போடுறேன். முந்தின வருசம் ஒரு மாசம் மழையில்லாமக் கிடந்தும் நல்லா விளைஞ்சது. போன வருசம் பத்து நாள்தான் காய்ஞ்சது, பாதிக்கு மேல பதர். அப்ப அது வறட்சி ரகமே இல்லையா?"

அது உண்மையிலேயே வறட்சி ரகம்தான். ஆனால் இரண்டு ஆண்டும் வந்தது ஒரே வறட்சி அல்ல. முதல் ஆண்டு பயிர் தூர் கட்டும்போது காய்ந்தது. அடுத்த ஆண்டு கதிர் வெளிவரும்போது காய்ந்தது. இந்த வேறுபாடு புரிந்தால், அடுத்த பருவத்துக்கு விதை வாங்கும்போது சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

வறட்சிக்கு ஒரே மரபணு கிடையாது

பயிரின் சில குணங்களை ஒரே ஒரு மரபணு முடிவு செய்கிறது. 1966-ல் வந்த ஐ.ஆர். 8 நெல்லின் குட்டை உயரம் அப்படிப்பட்டது. அந்த ஒரு மரபணு வந்ததும் பயிர் குட்டையானது, உரம் போட்டாலும் சாயாமல் நின்றது.

வறட்சி தாங்கும் குணம் அப்படியல்ல. நெல்லில் 12 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் பல இடங்களில் இருக்கும் மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்துதான் இந்தக் குணத்தைத் தருகின்றன. கண்மாய் மராமத்து ஒரே ஆளால் முடியாது, ஊரே இறங்கினால்தான் முடியும் என்பது போலத்தான் இதுவும். வறட்சியைச் சமாளிக்கப் பயிருக்கு நான்கு வழிகள் உண்டு:

* தப்பித்தல்: தண்ணீர் தீரும் முன்பே பூத்து விளைந்துவிடுவது. குறுகிய வயது ரகங்களின் பலம் இது.
* தவிர்த்தல்: வேரை ஆழமாக இறக்கி ஈரத்தைத் தேடுவது, இலையைச் சுருட்டி, இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிப்பது.
* தாங்குதல்: செல்லுக்குள் சர்க்கரை போன்ற பொருட்களைச் சேர்த்துவைத்து, ஈரம் குறைந்தாலும் இலை வாடிவிடாமல் காப்பது.
* மீளுதல்: காய்ந்து கிடந்த பயிர் மழை பெய்ததும் மறுபடி துளிர்த்துத் தூர் விடுவது.

நம் கள்ளிக்குடி விவசாயியின் பயிர் முதல் ஆண்டு மீண்டதால் தப்பியது. அடுத்த ஆண்டு மீள்வதற்கே வாய்ப்பில்லை. பூட்டைப் பருவத்திலும் பூக்கும்போதும் ஈரம் இல்லாவிட்டால் கதிர் முழுதாக வெளிவராமல் தொண்டையிலேயே நிற்கும், மகரந்தம் மலடாகும், மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பதர் நெல்லாக மாறாது. நெல்லுக்கு மிக ஆபத்தான வறட்சி பூக்கும் காலத்து வறட்சிதான்.

குட்டை நெல்லோடு தொலைந்து போன குணம்

பழைய நாட்டு நெல் தாங்கியது, புதிய ரகம் ஏன் தாங்கவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்கும் மரபணுவில் பதில் உண்டு.

வட இந்தியாவின் நாகினா 22 என்ற பழைய நெல்லில், பூக்கும் காலத்து வறட்சியிலும் விளைச்சலைக் காக்கும் ஒரு பகுதி முதலாவது குரோமோசோமில் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உயரத்தை முடிவு செய்யும் மரபணுவும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். பசுமைப் புரட்சிக் காலத்தில் உயரமான செடிகளை ஒதுக்கிக் குட்டையானவற்றைத் தேர்ந்தெடுத்தபோது, வறட்சி தாங்கும் பகுதியும் கூடவே ஒதுங்கிப் போனது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அன்றைக்கு நாட்டுக்குத் தேவைப்பட்டது பாசனத்தில் அதிக விளைச்சல்.

இன்று இந்த இரண்டையும் பிரித்தெடுத்து, குட்டைப் பயிரிலேயே வறட்சிக் குணத்தைச் சேர்க்க முடிகிறது. கோதுமையிலும் இதே பாடுதான். வட மாநிலங்களில் சி 306 என்ற பழைய உயரமான கோதுமையை வறட்சி தாங்கும் பெற்றோராக இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நம் மண்ணின் நொறுங்கன்

வறட்சிக் குணத்துக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் மானாவாரி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நெல் நொறுங்கன். காய்ந்த ஆண்டில் எந்தக் கதிர் மணி பிடித்ததோ அதையே விதைக்கு எடுத்து வைத்தார்கள். அவர்கள் செய்ததும் மரபணுத் தேர்வுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட கோ 53, பி.எம்.கே. (ஆர்) 3 ரகத்தை நொறுங்கனோடு ஒட்டுச் சேர்த்து உருவானது. வயது 115 முதல் 120 நாட்கள். அதற்கு முன் 2009-ல் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா (ஆர்) 4 ரகத்தின் வயது 100 முதல் 105 நாட்கள். இரண்டுமே மானாவாரிக்கு ஏற்றவை. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. அண்ணா 4-க்குப் பெரிய பலம் சீக்கிரம் முடிவது. கோ 53-ன் பலம் நொறுங்கன் வழி வந்த தாங்கும் குணம்.

உங்கள் வயலுக்கு எது? நாட்காட்டியில் பாருங்கள்

நெல் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாட்கள். ரகத்தின் வயதில் 30-ஐக் கழித்தால் பூக்கும் நாள் கிடைக்கும். மானாவாரியில் இந்த நாட்களை, மழை விழுந்து விதை முளைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

புரட்டாசியில் புழுதி விதைப்பு செய்து, அக்டோபர் 5-ம் தேதி வாக்கில் மழை கிடைத்து முளைத்ததாக வைத்துக்கொள்வோம். 115 நாள் ரகம் டிசம்பர் கடைசி வாரத்தில் பூக்கும். 100 நாள் ரகம் டிசம்பர் 14 வாக்கிலேயே பூத்து, பொங்கலுக்கு அறுவடைக்கு வந்துவிடும். இந்த 15 நாள்தான் பல ஆண்டுகளில் நெல்லுக்கும் பதருக்கும் உள்ள இடைவெளி. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வடியத் தொடங்கும் என்பது நீங்கள் அறிந்ததே.

கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் ஊர்க் கண்மாயில் எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

1. மார்கழிக்கு முன்பே கண்மாய் வற்றும் ஊர் என்றால் 100 நாள் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. தை வரை கொஞ்சம் தண்ணீர் நிற்கும், இடையிடையே மட்டும் காயும் என்றால் கோ 53 போன்ற ரகம் பொருந்தும்.
3. பெரியாறு பாசனத்தில் தண்ணீர் உறுதியாகக் கிடைக்கும் வயலுக்கு வறட்சி ரகம் தேவையில்லை. நல்ல நீர் உள்ள இடத்தில் பாசன ரகம்தான் அதிகம் தரும்.

மண்ணையும் பாருங்கள். வேரின் சாய்வை மாற்றி அதை ஆழமாக இறக்கும் ஒரு மரபணுவை 2013-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் ஐ.ஆர். 64 நெல்லில் சேர்த்துக் காட்டினார்கள். வறட்சியிலும் விளைச்சல் நின்றது. ஆனால் ஆழ வேர் உதவ அடிமண்ணில் ஈரம் இருக்க வேண்டும். ஆழமான கரிசலில் அது கைகொடுக்கும். ஒரு அடிக்குக் கீழே பாறையோ இறுகிய மண்ணோ இருந்தால் எந்த மரபணுவாலும் வேரை இறக்க முடியாது.

விதைத்த பிறகு செய்ய வேண்டியவை

புழுதி விதைப்புக்கு முன் விதையைக் கடினப்படுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்ற அளவில் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் வீதம் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். வளரும் பயிர் வாடத் தொடங்கினால் இதே 1 சதக் கரைசலை இலைவழியாகத் தெளிக்கலாம். கையில் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்ச வசதி இருந்தால், அதைப் பூட்டைப் பருவத்துக்கு வைத்திருங்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, "தண்ணியே வேண்டாம்" என்று சொல்லி விற்கும் விதையை நம்பாதீர்கள். வறட்சி ரகம் என்றால் காய்ந்தாலும் இழப்பு குறையும் என்றுதான் பொருள், இழப்பே இருக்காது என்பதல்ல. 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதில் ஒன்று வறட்சியையும் உப்பையும் தாங்க உருவாக்கப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விதை விற்க வந்தால், நம் பகுதிக்குப் பரிந்துரை வந்திருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டாவது, வறட்சி ரகம் ஒரு ஆண்டு ஏமாற்றியது என்று உடனே விதையை மாற்றிவிடாதீர்கள். பயிர் எந்தப் பருவத்தில் காய்ந்தது என்று முதலில் பாருங்கள். இந்த ரகங்கள் வீரிய ஒட்டு அல்ல. நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். கலப்புச் செடிகளை நீக்கி, நன்றாக முற்றிய கதிர்களைத் தனியாக அறுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உங்கள் விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

கள்ளிக்குடி விவசாயியிடம், இந்த முறை அரைப் பங்கு நிலத்தில் 100 நாள் ரகத்தையும் மீதியில் பழைய ரகத்தையும் போடச் சொன்னேன். மழை எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு நாளில் பூத்தால், ஒரே காய்ச்சலில் முழு விளைச்சலும் போகாது.