கண் பார்க்கிறது, மனம் தீர்மானிக்கிறது: புலக்காட்சியும் தாதியர் பணியும்

இரவு 11 மணி. நோயாளிகள் நிறைந்த ஒரு சத்திரசிகிச்சை விடுதி. ஓரக் கட்டிலில் முதியவர் ஒருவர் கண்ணை மூடி அசையாமல் கிடக்கிறார். கடந்து செல்லும் தாதி ஒருகணம் பார்த்து, "நல்ல தூக்கம்" என்று எண்ணிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். உண்மையில் அவர் தூங்கவில்லை. அசைந்தால் வயிற்றுக் காயம் வலிக்கும் என்பதால் அசையாமல் கிடக்கிறார். தாதியின் பார்வையில் குறையில்லை, அக்கறையிலும் குறையில்லை. அப்படியானால் பிழை எங்கே நடந்தது? உளவியலில் புலக்காட்சி எனப்படும் பகுதி இந்தக் கேள்வியைத்தான் ஆராய்கிறது.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகியவை வெளியுலகில் இருந்து செய்திகளைக் கொண்டுவருகின்றன. இது புலனுணர்வு. அந்தச் செய்திகளுக்கு மனம் பொருள் கொடுப்பதுதான் புலக்காட்சி. பொருள் கொடுக்கும்போது பழைய அனுபவம், எதிர்பார்ப்பு, பயம், களைப்பு எல்லாம் உள்ளே நுழைந்துவிடுகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்வதும் இதைத்தான். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம், ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே நாம் பார்க்கிறோம் என்று விளக்கியவர். அவர் அத்தோடு நிற்கவில்லை. பார்த்த பொருள் இன்னதென்று அறிவதற்கு, மனம் அதை நினைவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, நாமே உணராத வேகத்தில் ஒரு தீர்ப்புச் செய்கிறது என்றும் எழுதினார். நவீன உளவியல் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு எளிதில் தவறும் என்பதற்கு 1999இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனை புகழ்பெற்றது. பந்தை மாற்றி மாற்றி எறியும் குழுவொன்றின் காணொளியைக் காட்டி, எத்தனை முறை எறிகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். இடையில் கொரில்லா வேடமணிந்த ஒருவர் நடந்து வந்து, நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அவரைக் காணவே இல்லை. 2013இல் நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறிய கொரில்லா உருவமொன்றைச் செருகி, கதிரியக்க நிபுணர்கள் 24 பேரிடம் கொடுத்தார்கள். கட்டிகளைத் தேடிய அவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. பயிற்சி மட்டும் இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது என்பது தெளிவு.

மருந்து கொடுக்கும் வேளையில் இதுவே உயிராபத்தாகிறது. டோபமின், டோபுட்டமின் என்ற இரு மருந்துகளின் பெயரும் ஒலியில் நெருக்கமானவை. செறிந்த பொட்டாசியம் குளோரைட்டும் ஊசிக்கான வெறும் நீரும் தெளிந்த திரவங்கள்தான். முதலாவது நேரடியாக நாளத்தில் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். வழக்கமான தட்டில் வழக்கமான குப்பி இருக்கும் என்று எதிர்பார்க்கும் மனம், லேபலை வாசிக்காமலேயே "வாசித்துவிடும்". அதனால்தான் எடுக்கும்போதும், ஊசியில் ஏற்றும்போதும், கொடுக்கும் முன்னும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்கள். இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கும்போதும், "இது ஹெப்பரின் 5000 தானே?" என்று கேட்டால் அவர் கண்ணிலும் ஹெப்பரின் 5000தான் தெரியும். ஒன்றும் சொல்லாமல் குப்பியைக் கையில் கொடுத்து அவரையே வாசிக்க விடுவதுதான் சரிபார்ப்பு.

பெயர் கேட்பதும் இப்படித்தான். "நீங்க பாத்திமா தானே?" என்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். ஒரே விடுதியில் இரண்டு மூன்று பாத்திமாக்கள் இருப்பது நமது ஊர்களில் புதுமையல்ல. "உங்க முழுப் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

ஆனால் புலக்காட்சி அதிகம் ஏமாற்றுவது வலி விடயத்தில்தான் என்பது நமது கருத்து. வெப்பநிலையையும் குருதியமுக்கத்தையும் கருவி சொல்லிவிடும். வலிக்கு அப்படியொரு கருவி இல்லை. அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று 1968இல் மார்கோ மெக்கஃபெரி என்ற அமெரிக்கத் தாதி வரையறுத்ததற்குக் காரணம் இதுதான். அவரும் சக ஆய்வாளர்களும் தாதியரிடம் இரண்டு கற்பனை நோயாளிகளைப் பற்றிக் கேட்டார்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகைச் சத்திரசிகிச்சை. இருவரும் தமது வலிக்குப் பத்தில் எட்டுப் புள்ளி கொடுக்கிறார்கள். ஒருவர் வந்தவரோடு சிரித்துப் பேசுகிறார், மற்றவர் முகம் சுளிக்கிறார். முகம் சுளித்தவரின் எட்டை எட்டாகவே பதிந்த தாதியர் பலர், சிரித்தவரின் எட்டைக் குறைத்துப் பதிந்தார்கள்.

நமது சமூகத்தில் இது இன்னும் சிக்கலானது. பொறுமையாக இருப்பதை உயர்வாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். "நோகுதா?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்று பதில் வரும். அது வலியில்லை என்ற பொருளில் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டால் மருந்து தவறிப்போகும். கூச்சத்தினால் ஆண் ஊழியரிடம் வாய் திறக்காத பெண்களும் உண்டு. மறுபக்கம், கடமை மாறும்போது "12ஆம் கட்டில் கொஞ்சம் கரைச்சல்" என்று ஒரு வார்த்தை கைமாறினால் போதும். அதன்பின் அந்தக் கட்டிலில் இருந்து வரும் ஒவ்வொரு முனகலும் கரைச்சலாகவே காதில் விழும்.

தோல் நிறமும் ஒரு திரை. ஒட்சிசன் குறைந்தால் உடல் நீலம்பாரிக்கும் என்று பாடநூல் சொல்வது வெண்ணிறத் தோலை வைத்துத்தான். கறுத்த தோலில் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் இதில் முழு நடுநிலையானதல்ல. வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் அது ஒட்சிசன் குறைவை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

நோயாளியின் புலக்காட்சியையும் மறந்துவிடலாகாது. மூக்குக்கண்ணாடியும் கேட்கும் கருவியும் கழற்றப்பட்டு, நேரம் தெரியாத அறையில் கிடக்கும் முதியவருக்குத் திரைச்சீலை மனிதனாகத் தெரியலாம். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று வீட்டார் கலங்குவார்கள். பெரும்பாலும் அது நோய்த்தொற்று, மருந்து, தூக்கமின்மை போன்றவற்றால் வரும் தற்காலிகக் குழப்பம். உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியை மாட்டிவிட்டு, இன்ன இடம், இன்ன நேரம் என்று மெதுவாகச் சொன்னாலே சிலர் தெளிவடைவதைக் காணலாம். நோயாளியின் அறையில் குசுகுசுப்பது கொடுமை என்று 1859இலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். காதில் பாதி விழுவதை மீதிப் பயம் நிரப்பிவிடும். பார்க்கப் போகும் நாம் கட்டிலருகே செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

மீண்டும் அந்த ஓரக் கட்டிலுக்கு வருவோம். அசையாமல் படுத்திருக்கும்போது "வலிக்குதா?" என்று கேட்டால் அந்த முதியவர் இல்லை என்றுதான் சொல்வார். "ஒருதடவை இருமுங்க வாப்பா, பார்ப்போம்" என்று சொன்னால் முகம் மாறும். வலிக்குப் பயந்து இருமாதவரின் நெஞ்சில் சளி தேங்கும். நிமோனியா அங்கிருந்துதான் தொடங்குகிறது.