65,536 ரூபா சொன்ன பாடம்

2010 ஜனவரி மாதம். எமது துணிக்கடையில் நீண்ட காலமாகக் கொள்வனவு செய்யும் சில்லறை வியாபாரி ஒருவர் நிலுவையைத் தீர்க்க வந்திருந்தார். தான் தர வேண்டியது 14,500 ரூபா என்றார். முதல் நாள் இரவு வீட்டுக் கணனியில் நான் எடுத்துவந்த பட்டியலோ 80,036 ரூபா என்றது.

"நானா, இவ்வளவு காலத்தில் உங்களிடம் ஒரு சதமாவது குறைத்துச் சொல்லியிருக்கிறேனா?" என்று கேட்டார். அவரது முகம் மாறிவிட்டது. கையால் எழுதிய பில் துண்டுகளைத் தேடி எடுத்துக் கூட்டினேன். 14,500 தான். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

இரவு வீட்டில் விடயத்தைச் சொன்னதும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மகன் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தான். 65,536. "வாப்பா, இது ஆள் தட்டச்சில் விட்ட பிழை இல்லை. இரண்டை 16 தடவை வைத்துப் பெருக்கினால் வரும் எண் இது. கணனிக்குள் ஒரேயொரு பிட் பூச்சியத்திலிருந்து ஒன்றாக மாறினால் இப்படித்தான் கூடும்" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு வாரங்களுக்கு முன்னர் தான் கணனியை 'ஓவர்குளொக்' செய்ததாகவும் ஒப்புக்கொண்டான்.

காசு கொடுக்காத வேகம்

ஓவர்குளொக் என்றால், தயாரித்த கம்பனி குறித்த வேகத்துக்கு மேலாகக் கணனியை ஓட வைப்பது. இது புதிய வித்தை அல்ல. 1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ என்ற மலிவான புரோசசரை 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டிப் பலர் இலாபம் கண்டார்கள்.

எமது வீட்டில் இருந்தது பென்டியம் ஈ5200. அதன் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹேர்ட்ஸ், அதை 12.5ஆல் பெருக்கினால் 2.5 கிகாஹேர்ட்ஸ். மகன் அந்த 200ஐ 266 ஆக்கினான். வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ் ஆனது. ஐந்து சதம் செலவில்லை. புரோசசரும் அதைத் தாங்கிக்கொண்டது.

அவன் கவனிக்காதது மெமரியை. அதுவும் அதே துடிப்பில்தான் தொங்குகிறது. 800 வேகத்துக்கு விற்கப்பட்ட மெமரி, யாரும் சொல்லாமலே 1066 வேகத்துக்குப் போய்விட்டது. கணனி நிற்கவில்லை, திரை உறையவில்லை. எப்போதாவது ஒரு பிட் மட்டும் புரண்டது. நின்றுபோகும் கணனியைவிட இப்படி ஓடிக்கொண்டே பிழை விடும் கணனிதான் வியாபாரிக்கு ஆபத்து.

2003இல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் மேலதிகமாக விழுந்தன. இரண்டை 12 தடவை பெருக்கினால் வரும் எண் அது. அங்கு யாரும் ஓவர்குளொக் செய்யவில்லை. ஒரு பிட் தானாகப் புரண்டதாகவே கருதப்பட்டது. கிடைக்கக்கூடிய வாக்குகளைவிட அதிகமாக இருந்ததால்தான் பிழை பிடிபட்டது. எமது கணக்கில் அப்படிக் காட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

திருத்திய விதம்

அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஓடவிட்டோம். சிவப்பு வரிகளாகப் பிழைகள் இறங்கின. பயோஸில் மெமரியின் விகிதத்தை மாற்றி 800க்குக் கொண்டுவந்த பின்னர் ஒரு பிழையும் இல்லை. அடுத்த இரவு புரோசசருக்குப் பிரைம்95 சோதனை. அதிலும் தேறியது.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. இரண்டு வாரப் பதிவுகளைத் துண்டு துண்டாக ஒப்பிட்டோம். எடுத்துவைத்த பேக்கப் பிரதிகளும் உதவவில்லை. பிழையையும் சேர்த்தே அவை பிரதி எடுத்திருந்தன. கைகொடுத்தவை கையெழுத்துத் துண்டுகள்தாம். அதன் பிறகு கணக்கைப் பழைய கணனி ஒன்றுக்கு மாற்றி, இதை மகனிடமே விட்டுவிட்டேன்.

செய்ய விரும்புவோருக்கு

பிள்ளைகள் ஆசைப்பட்டால் தடுக்க வேண்டியதில்லை. முறையாகச் செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். புரோசசரைச் சோதிக்கும்போது மெமரி அதன் சொந்த வேகத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓர் இரவு முழுக்கச் சோதனை வேண்டும்.

வோல்டேஜைக் கூட்டுவதில்தான் அதிக கவனம் தேவை. வேகம் 20 வீதமும் வோல்டேஜ் 10 வீதமும் கூடினால், புரோசசர் வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 45 வீதம் கூடும். அத்தனையும் சூடாகவே வெளியேறும். மின்விசிறியால் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிராக்க முடியாது. எமது ஊர்ப் பகல் வெயிலில் சோதித்துத் தேறாததைத் தேறியதாகக் கொள்ளாதீர்கள். வொரன்டியும் இல்லாமல் போகலாம்.

இன்றைய புரோசசர்கள் தேவைக்கேற்பத் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வதால், கையால் கூட்டிக் கிடைப்பது சொற்பம். மெமரிக்கு எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயோஸில் ஒரே தெரிவில் வேகம் கூட்டும் வசதி உண்டு. அதுவும் ஓவர்குளொக் தான். சோதிக்காமல் நம்ப வேண்டாம். கணக்குக்கு வேகம் போதவில்லை என்றால், எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி போடக்கூடிய கணனி கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்தச் சில்லறை வியாபாரி அடுத்த மாதமும் வந்தார். ஆனால் அதிலிருந்து தனக்கென ஒரு கொப்பி வைத்து, என் முன்னாலேயே எழுதிக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். கடைக் கணக்கை வீட்டுக் கணனியில் வைத்திருப்பவர்கள், இன்றிரவே பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.