புல்லட்டின் ஸ்டீரிங் டேம்பர்

திண்டிவனத்தினின்று செஞ்சி வழியே திருவண்ணாமலை செல்லும் சாலையில் இன்றும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் சில ஓடுகின்றன. அவற்றின் கைப்பிடிக்கு நடுவே, விளக்குக்கூட்டின்மேல், கருநிறக் குமிழ் ஒன்று இருப்பதை வாசகர் கண்டிருக்கலாம். அதனை வெறும் அலங்காரமென்று எண்ணுவாரும் உளர். அஃது ஸ்டீரிங் டேம்பர் என்னும் கருவியின் தலை. அதன் உடலோ முன் ஃபோர்க்கின் அடியில் மறைந்து கிடக்கின்றது.

இக்கருவி எதன்பொருட்டு அமைந்தது? முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், கைப்பிடி திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைச் சந்திக்கும் இடத்திற்குச் சற்றுப் பின்னே உளது. ஆதலின் கல்லில் மோதிச் சக்கரம் ஒருபால் திரும்பினும், வண்டி ஓடும்பொழுது தானே நேராகின்றது. ஆனால் ஊஞ்சல் நடுவில் நில்லாது மறுபுறம் ஏகுவதுபோலச் சக்கரமும் நேர்நிலையைக் கடந்து அப்பால் திரும்புகின்றது. அவ்வாட்டம் தேய்ந்து அடங்கின் கேடில்லை. வளருமாயின், கைப்பிடி நொடிக்கு 4 முதல் 10 முறை வரை இருபுறமும் உதறி, ஓட்டுவோன் பிடியினின்று நழுவும். பௌர்ணமியில் கிரிவலத்திற்குச் செல்லும் பேருந்துகள் நெருங்கும் இச்சாலையில் அஃது உயிர்க்கே இறுதியாகலாம். பக்கப்பெட்டி பூட்டிய வண்டிகளுக்கோ மெல்ல ஓடும்பொழுதும் இவ்வுதறல் உண்டு.

சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியாரோடு கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியது 1955இல். திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் உருவான புல்லட்டுகள் ஆங்கில வண்டியின் அமைப்பையே பின்பற்றியமையால், இக்குமிழும் அவற்றில் இடம்பெற்றது.

இனி அதன் தொழிலைக் காண்போம். குமிழினின்று நீண்ட கம்பியொன்று ஃபோர்க்கின் தண்டினுள்ளே இறங்குகின்றது. அதன் அடியில் உராய்வு வட்டுகளும், இரும்புத் தட்டும், அழுத்தந்தரும் வில்தகடும் அடுக்கப்பட்டுள்ளன. இரும்புத் தட்டிற்கு ஒரு செவியுண்டு. அச்செவி வண்டியின் சட்டத்தைப் பற்றி நிற்றலால் தட்டுத் திரும்பாது. ஃபோர்க்கு மட்டுமே திரும்பும். குமிழை முறுக்கக் கம்பி மேலே இழுபட்டு, இவையெல்லாம் ஒன்றையொன்று நெருக்கும். சந்தனக் கட்டையைக் கல்லில் அழுத்தித் தேய்ப்பவர் கைக்கு எழும் தடையே இங்கும் எழுவது.

இத்தடைக்கு ஒரு குறையுண்டு. பந்தய வண்டிகளிற் காணும் எண்ணெய்க்குழல் டேம்பர், மெல்லத் திருப்புவார்க்கு இணங்கி, வெடுக்கெனத் திரும்புவதை மட்டும் எதிர்க்கும். பழைய உராய்வு வகையோ வேகம் எதுவாயினும் ஏறக்குறைய ஒரே தடையைத் தரும். மிக முறுக்கினாற் கடைத்தெருவில் ஊர்ந்து செல்லும் வண்டி கள்ளுண்டவன்போல் வளைந்து வளைந்து போகும்.

தட்டின் செவி முறிந்தால் யாது நேரும்? தட்டும் ஃபோர்க்கோடு கூடவே சுழலும். குமிழோ கைக்கு இறுக்கமாகவே தோன்றும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் வண்டி இந்நிலையிற் சில திங்கள் ஓடிற்று. உதறலைப்பற்றி யாரேனும் கேட்டால், குமிழைத் தொட்டுக் காட்டி, "இறுகத்தானே இருக்கிறது!" என்பார். கெட்டுப்போயும் கெடாததுபோல் தோன்றுவதே இப்பழுதின் பெருந்தீங்கு என்பது என் கருத்து.

மாற்றும் வேலை அரிதன்று. வண்டியை நடுஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்துக. கம்பியின் அடிமுனையிற் காட்டர்பின் இருப்பின் முதலில் அதனைக் களைந்து, குமிழைச் சுழற்றிக் கம்பியை மேலே உருவுக. தட்டும் வட்டும் கீழே விழுமாதலின் துணி விரித்து வைத்து, கழன்ற வரிசையிலேயே அடுக்குதல் வேண்டும். வரிசை வண்டிக்கு வண்டி சிறிது மாறும். புதுத்தட்டு ஊர்க்கடையில் அகப்படாவிடின் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம். பழைய வண்டிகளின் மரை அங்குலக் கணக்கில் அமைந்தது. இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை போல்ட்டுகள். பொருந்தாததை ஸ்பேனரால் வலிந்து ஏற்றினாற் சட்டத்தின் மரையே அழியும். உராய்வு வட்டில் ஒரு துளி கிரீஸும் படலாகாது. கிரீஸ் அதற்கு மேலுள்ள கோன்செட்டிற்கே உரியது.

கோன்செட்டென்றேன், உண்மையில் முதலிற் சோதிக்கத்தக்கது அதுவே. சக்கரம் உயர்ந்திருக்கும்பொழுதே ஃபோர்க்கின் இரு கால்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். 'டக்' என்னும் ஆட்டம் தெரியின் கோன்செட்டுத் தளர்ந்ததென்க. அத்தளர்ச்சியால் எழும் உதறலைக் குமிழை முறுக்கி அடக்க முயல்வார் பலர்; நோயிருக்க வலியை மட்டும் மறைக்கும் வைத்தியம் அது. அத்தனை அடியையும் மெல்லிய செவியே தாங்கி நாளடைவில் முறியக்கூடும். பெரியவர் வண்டியிலும் கோன்செட்டை இறுக்கியவுடனே, தட்டு வந்து சேருமுன்னரே, உதறல் பெரிதும் நின்றது. காற்றுக் குறைந்த டயரும், வளைந்த ரிம்மும் இவ்வாறே ஆராயத்தக்கவை.

எல்லாம் பூட்டியபின் குமிழை முற்றிலும் தளர்த்திக் கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்க்க, எங்கும் சிக்கலாகாது. பிறகு கைக்குச் சிறிதே தடை தோன்றுமளவு முறுக்கி, ஆளரவமில்லாத சாலையில், இரு கையும் பிடியிலிருக்க, மெல்ல ஓட்டித் தொடங்குக.