இறக்கி வைக்காத சுமை

நம் ஜவ்வாது மலையில் விறகு சுமந்து வரும் தாய், வீடு சேர்ந்ததும் சுமையை இறக்கி வைக்கிறாள், கழுத்து ஆறுகிறது. தேர்வுக் காலத்தில், ஒன்றும் சுமக்காத நமக்குக் கழுத்தும் தோளும் வலிப்பதேன்?

காட்டில் கரடி எதிர்ப்பட்டால் நம் உடல் ஓடத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் அவை தளரும். தேர்வுப் பயமோ நாள்தோறும் தொடர்கிறது. நெடுநேரம் இறுகிய தசை வலிக்கிறது. வலி கவலையை வளர்க்கிறது. கவலை மீண்டும் தசையை இறுக்குகிறது.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் தம் நூலில் தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் வழியை விளக்கினார். தோள்களைக் காதருகே உயர்த்தி, ஐந்து எண்ணி, மெல்லத் தளர்த்துவோம். வலி நீடித்தால் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரை நாடுவோம். விறகைப் போலவே கவலையையும் இறக்கி வைக்கப் பழகுவோமாக!